பாடகனின் கூலி

“பாட்டுப் பாடிப் பிழைக்கப் போகிறேன்” என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால், நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி, “அது சோறு போடுமா?” என்பதுதான். கேட்பவர் அத்தாவாக இருப்பார்; அல்லது வாப்பாவாக இருப்பார். அக்கேள்வியில் குற்றம் காண்பதற்கில்லை. பிள்ளையின் நாளைய வாழ்வை எண்ணி அஞ்சும் பாசம் அதில் உண்டு. அதனை அடுத்து, சற்றே தாழ்ந்த குரலில் மற்றொரு கேள்வி வரும்: “அது ஆகுமான தொழில்தானா?” இவ்விரு கேள்விகளும் பிள்ளையைப் பார்த்தே கேட்கப்படுகின்றன. ஆனால், பாடகனுக்குச் சோறு போடுவது அவன் தொண்டையா, அவன் பாட்டைக் கேட்கும் நாமா என்று எண்ணத் தொடங்கினால் முதற்கேள்வி நம் பக்கமாகத் திரும்பிவிடும். அவன் தொழில் ஆகுமானதா என்று கேட்ட வாயால், அவனுக்கு நாம் கொடுக்கும் முறை ஆகுமானதா என்றும் கேட்க வேண்டி வரும்.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது, திரைப்பட நிறுவனத்தின் ஊதியத்தையோ, வானொலி நிலையத்தின் பணியையோ, ஒரு செல்வரின் ஆதரவையோ நம்பியிராமல், தன் பெயரைத் தானே ஊன்றி வளர்க்க முயலும் பாடகனைப் பற்றி. மீலாது மேடைகளிலும் கந்தூரி விழாக்களிலும் திருமண வீடுகளிலும் நாம் கேட்டு மகிழும் குரல்களுள் பெரும்பாலானவை இத்தகையோருடையவையே. நாகூர் இ.எம். ஹனீபா அவர்கள் (1925–2015) இவ்வழியில் நடந்தவர்களுள் தலையாயவர். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ முதலிய சில படங்களில் அவருடைய குரல் ஒலித்ததுண்டு. எனினும் அவரை வளர்த்தது திரை அன்று, ஊர் ஊராக அவர் ஏறி இறங்கிய மேடைதான். பிற்காலத்தில் அவர் சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும், வக்பு வாரியத் தலைவராகவும் விளங்கினார். நாம் நினைவில் வைத்திருப்பது இந்தப் புகழின் உச்சியைத்தான். அந்த உச்சிக்கு ஏறும் வழியில் ஒரு பாடகனின் சாதாரண நாள் ஒன்று எப்படிக் கழிகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் அவன் சுருதிப்பெட்டியுடன் உட்காருகிறான். இப்போது அந்தப் பெட்டியும் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. கீழ் ஸ்தாயியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறும் அகார சாதகம் ஒரு மணி நேரம் நடக்கும். அக்கம்பக்கத்தார் அதனைப் பாட்டென்று கொள்வதில்லை, தொல்லையென்றே கொள்வர். அதன்பின் தொடங்குவது வணிகம். சென்ற மாதம் பாடிய ஊரிலிருந்து வரவேண்டிய பாக்கியைக் கேட்கவேண்டும். கேட்கும் குரலில் கண்டிப்பும் இருக்கவேண்டும், அடுத்த ஆண்டு அவர்கள் மீண்டும் அழைக்கும் அளவுக்குக் கனிவும் இருக்கவேண்டும். தபலாக்காரர் வேறொரு குழுவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டாரா என்று பார்க்கவேண்டும். கீபோர்டு வாசிப்பவருக்கும் உடன் பாடும் இளைஞர் இருவருக்கும் ஆளுக்கு எவ்வளவு என்று பேசி முடிக்கவேண்டும். வேன் வாடகை, டீசல், இரவுச் சாப்பாடு, ஒலிபெருக்கிக்காரரிடம் இரவல் வாங்கும் நல்ல மைக் என எல்லாம் அவன் தலையில்தான். புதுப்பாடல் ஒன்று எழுதித் தரச் சொன்ன புலவர் இரண்டு வாரமாக இன்னும் பல்லவியிலேயே நிற்கிறார். அவரையும் நினைவுபடுத்தியாக வேண்டும்.

இஷாவுக்குப் பின் கச்சேரி என்றால், தலைவர் உரையும் வரவேற்புரையும் பொன்னாடைகளும் முடிந்து அவன் கைக்கு மைக் வரும்போது மணி பத்தரை ஆகியிருக்கும். நள்ளிரவு கடந்தும் பாடுவான். கூட்டம் கலைந்து, பந்தற்காரர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகும் பொருளாளர் வருவதற்காகக் காத்திருப்பான். உறையை அவர் முன்னே பிரித்துப் பார்ப்பது மரியாதையன்று என்று நம் சமுதாயம் அவனுக்குக் கற்பித்திருக்கிறது. வேனில் ஏறிய பிறகு பிரிப்பான். முதலில் தபலாக்காரருக்கு, பிறகு மற்றவர்களுக்கு, பிறகு வண்டிக்கு என்று கொடுத்துக்கொண்டே வந்து, மிஞ்சியதை எண்ணாமலே சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வான். மேடையில் மூன்று மணி நேரம் நாம் கண்ட பாட்டுக்கு இரண்டு பகலும் ஓரிரவும் செலவாகியிருக்கின்றன. நாட்காட்டியும் அவனுக்கு ஒழுங்காக உதவுவதில்லை. ரபீஉல் அவ்வலில் ஒரே இரவில் மூன்று ஊர்கள் அழைக்கும். வேறு சில மாதங்களில் ஓர் ஊரும் அழைக்காது. பிறையைக் கொண்டு கணக்கிடும் ஆண்டாதலால் அவனுடைய ‘பருவம்’ ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். ஐப்பசி மழையில் மீலாது வரும் ஆண்டுகளும் உண்டு. பள்ளித் தேர்வுக் காலத்தில், ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைப்பது அரிதாகிவிட்ட வேளையில் வரும் ஆண்டுகளும் உண்டு.

இவ்வளவும் தெரியாதவர்களா நாம்? ஓரளவு தெரிந்தவர்களே. இருந்தும் பாடகனிடம் பேசும்போது மட்டும் நம் நாவு வேறொரு மொழியைப் பேசுகிறது. பிரியாணி ஆக்கும் பண்டாரி ஒரு சட்டிக்கு இவ்வளவு என்கிறார், ஒப்புக்கொள்கிறோம். பந்தற்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார். சிறிது பேரம் பேசி ஒப்புக்கொள்கிறோம். பாடகன் ஒரு தொகையைச் சொன்னால், “நம்ம ஜமாஅத் விசேஷந்தானே பாய், பார்த்துச் செய்கிறோம்” என்கிறோம். பார்த்துச் செய்கிறோம் என்னும் அந்தச் சொல்லின் பொருள் பெரும்பாலும் குறைத்துச் செய்கிறோம் என்பதுதான் என்று இரு தரப்பாருக்கும் தெரியும். அதற்கு நாம் வைத்திருக்கும் நியாயமும் ஆயத்தமாக இருக்கிறது: “குரல் அல்லாஹ் தந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் புகழைப் பாடுவது நன்மை தரும் செயல். அதற்கு விலை பேசலாமா?”

இந்த நியாயத்தில் பாதி உண்மை இருப்பதனாலேயே அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. குரல் இறைவன் தந்ததுதான். பண்டாரியின் கைப்பக்குவமும் இறைவன் தந்ததுதானே, அது மட்டும் மளிகைக்கடையில் வாங்கியதா என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் அத்துடன் முடிந்துவிடாது. நன்மைக்காகச் செய்ய வேண்டிய ஒன்றுக்குக் கூலி பெற்றால் அந்த நன்மை கெட்டுவிடாதா என்னும் ஐயம் அதற்குள் இருக்கிறது. நம் முன்னோர் இவ்வையத்தை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல நூற்றாண்டுகள் வாதிட்டிருக்கிறார்கள்.

பாட்டு இருக்கட்டும், திருமறையையே எடுத்துக்கொள்வோம். திருக்குர்ஆனைக் கற்பிப்பதற்கும் பாங்கு சொல்வதற்கும் கூலி பெறலாமா என்பது பழைய வழக்கு. தொடக்க கால ஹனபி அறிஞர்கள் கூடாது என்றனர். ஷாபிஈ மத்ஹபில் கற்பிப்பதற்குக் கூலி பெற இடமளித்தனர். பிற்கால ஹனபி அறிஞர்களும் தம் முன்னோரின் முடிவிலிருந்து விலகி அதற்கு அனுமதி தந்தனர். அவர்கள் காட்டிய காரணம் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. முன்னாளில் ஆசிரியர்களுக்குப் பொதுநிதியாகிய பைத்துல்மாலிலிருந்து மானியம் வந்தது. அது நின்றுபோயிற்று. கூலியும் இல்லை, மானியமும் இல்லை என்றால் ஆசிரியர் வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் தேடுவார், கற்பித்தலே அழிந்துவிடும். ஆதலால் கூலி ஆகும் என்றனர். ஆசிரியரின் உள்ளத்தூய்மையை அவர்கள் ஐயுறவில்லை. அவருக்கும் பசிக்கும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். இன்று தமிழகத்தில் ராவுத்தர் ஊரிலும் மரைக்காயர் ஊரிலும் பள்ளிவாசல் இமாமுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறோம். அதனால் அவர் பின்னே நின்று தொழுத தொழுகை குறைந்துவிட்டதாக எவரும் நினைப்பதில்லை.

இவ்வழக்குக்கு ஹதீஸிலும் ஆதாரம் உண்டு. தோழர்கள் சிலர் பயணத்தில் ஒரு கூட்டத்தாரிடம் விருந்து கேட்டனர், அவர்கள் மறுத்துவிட்டனர். அக்கூட்டத்தின் தலைவரை நச்சுயிர் தீண்டிவிடவே, ஓதிப் பார்க்க எவரேனும் உண்டா என்று அவர்களே தேடி வந்தனர். விருந்து தர மறுத்தவர்களுக்குத் தோழர்கள் கூலி பேசினர். ஆட்டு மந்தை என்று முடிவாயிற்று. ஒருவர் அல்ஹம்து சூராவை ஓதினார். தலைவர் எழுந்து நடந்தார். ஆடுகளைப் பெற்ற பின்னரே தோழர்களுக்கு ஐயம் வந்தது. மதீனா திரும்பி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அவர்கள் அதனை ஏற்றதோடு, தமக்கும் ஒரு பங்கு ஒதுக்கும்படி கூறினார்கள். தோழர்களின் நெஞ்சிலிருந்த உறுத்தலை முற்றும் போக்குவதற்கே அப்பங்கைக் கேட்டார்கள் என்று விளக்கம் எழுதியோர் கூறுவர். கஅபு இப்னு ஸுஹைர் தம் கவிதையைப் பாடி நின்றபோது அண்ணலார் தம் மேலாடையையே அவருக்குப் போர்த்தியதையும் நாம் அறிவோம். பின்னாளில் முஆவியா (ரலி) அவர்கள் பெரும்பொருள் தருவதாகச் சொல்லியும் அவ்வாடையைக் கஅபு விற்க மறுத்தார் என்பது வரலாறு. விலை பெறுவதற்குரிய பொருள், விலைக்கு அப்பாற்பட்ட பொருள் என்று பிரித்துச் சொல்லும் உரிமை அப்புலவரிடம் இருந்தது.

இசை கூடுமா, எந்தக் கருவி கூடும், எது கூடாது என்பது வேறொரு வழக்கு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் ஸமாஉ பற்றி ஒரு தனிப்பகுதியே எழுதி, பாடுபொருள், கேட்பவர் நிலை, இடம், காலம், கருவி ஆகிய பலவற்றையும் வைத்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். கூடாது என்று உறுதியாக நம்புகிறவர்கள் பாடகனை அழைப்பதில்லை. அவர்களோடு நமக்கு இக்கட்டுரையில் வழக்கில்லை, அவர்களுடைய நேர்மையை மதிக்கிறோம். நம் வழக்கெல்லாம், விடிய விடியக் கேட்டுவிட்டுக் கூலி கொடுக்கும் நேரத்தில் மட்டும் மார்க்கச் சட்டம் நினைவுக்கு வருகிறவர்களோடுதான்.

குரலுக்கு விலை பேசுவதைத் தாழ்வாக நினைப்போர் எகிப்தின் உம்மு குல்தூம் அவர்களின் வரலாற்றை ஒருமுறை பார்க்கலாம். நைல் நதியின் கழிமுகத்தில், தகஹ்லிய்யா மாகாணத்து தம்மாய் அஸ்ஸஹாயிரா என்னும் சிற்றூரின் பள்ளிவாசல் இமாம் இப்ராஹீம் என்பார் அவருடைய தந்தை. இமாம் பணியின் வருவாய் போதாமையால், அவர் பக்கத்து ஊர்த் திருமணங்களிலும் விழாக்களிலும் சமயப்பாடல்கள் பாடிச் சிறிது சேர்த்துக்கொண்டிருந்தார். மகன் காலிதுக்கு அவர் கற்பித்ததை ஒதுங்கியிருந்து கேட்டே சிறுமி பாடல்களைக் கற்றுக்கொண்டார். அவருடைய குரலின் வன்மையைக் கண்ட தந்தை அவரையும் அழைத்துச் சென்றார். பெண்பிள்ளை மேடையில் பாடுவதா என்ற கூச்சத்தால் அவருக்கு ஆண்பிள்ளை உடை அணிவித்தார். முதலில் கால்நடையாகவும், பின்னர்க் கழுதை மீதும், அதன்பின் இரயிலின் கடைசி வகுப்பிலுமாக அக்குடும்பம் ஊர் ஊராகச் சென்றது. நம் டெல்டாக் கடைமடை ஊர்களில் கச்சேரிக்குச் சென்று திரும்பும் குழுக்களைக் கண்டவர்களுக்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது.

1920களின் தொடக்கத்தில் அக்குடும்பம் கெய்ரோவில் குடியேறிற்று. நகரத்தார் அவருடைய குரலை வியந்தனர். கிராமத்து உடையையும் உடன்பாடும் உறவினரையும் எள்ளினர். அவர் ஆசான்களிடம் முறையாகக் கற்றார். கவிதையின் சொல்லைப் பிழையின்றி உச்சரிக்கவும் பொருளுணர்ந்து பாடவும் பழகினார். சில ஆண்டுகளில் தேர்ந்த வாத்தியக்காரர்களைத் தமக்கென அமர்த்திக்கொண்டார். 1934ஆம் ஆண்டு எகிப்து வானொலி தொடங்கியபோது அதில் பாடினார். பின்னர் மாதத்தின் முதல் வியாழன் இரவில் அவருடைய கச்சேரி ஒலிபரப்பாகும்போது அரபு நாடுகளின் தெருக்கள் வெறிச்சோடும் என்பார்கள். இவ்வளவும் குரலால் வந்தது என்று சொல்லிவிட்டால் அது குறையான வரலாறாகிவிடும். ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்துக் கையெழுத்திட்டவர் அவர். தம் கச்சேரிகளைத் தாமே ஏற்பாடு செய்து நடத்தும் நிலைக்கு வளர்ந்தவர். தம் ஊதியத்தைக் குறைத்துப் பேச எவருக்கும் இடங்கொடாதவர். அவரைப் பேராசைக்காரர் என்று சொன்னவர்களும் இருந்தனர்.

அந்தப் ‘பேராசைக்காரர்’தாம் 1967ஆம் ஆண்டுப் போரில் எகிப்து தோற்றபின், உள்நாட்டிலும் பாரிஸ் முதற்கொண்டு பல வெளிநாட்டு நகரங்களிலும் கச்சேரி செய்து, அந்த வருவாயைத் தம் நாட்டுக்கு அளித்தார். 1975ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது கெய்ரோ வீதிகளில் திரண்ட கூட்டம் இலட்சக்கணக்கில் இருந்தது. இங்கேதான் நாம் சொல்ல வந்தது இருக்கிறது. அவர் கொடுத்தது கொடையாக ஆனது, அது அவருடையதாக இருந்தமையால். தன் உழைப்புக்கு இன்ன விலை என்று சொல்லும் உரிமை ஒருவனுக்கு இருந்தால்தான், “இன்று எனக்கு ஒன்றும் வேண்டாம், அல்லாஹ்வுக்காகப் பாடுகிறேன்” என்று சொல்லும் பேறும் அவனுக்கு உண்டு. நன்மையான காரியந்தானே என்று நாமாகவே அவனுடைய கூலியைக் குறைக்கும்போது, அவன் பெறவேண்டிய பணத்தோடு அவன் செய்திருக்கக்கூடிய தர்மத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். அந்த நன்மையை நாம் யாருடைய ஏட்டில் எழுதிக்கொள்ளப் போகிறோம்? பிறர் பணத்தில் தர்மம் செய்தவனுக்கு நன்மை எழுதப்படுவதாக நாம் எங்கும் படித்ததில்லை.

ரமலான் இரவுகளில் தாயிராவைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பாடி நம்மை ஸஹருக்கு எழுப்பிய பக்கீர்களை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வார்கள். அலாரம் வந்த பின்னும் சில ஊர்களில் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. முப்பது இரவும் ஒரு காசும் கேட்கமாட்டார்கள். பெருநாள் காலையில் வாசலில் வந்து நிற்பார்கள். அப்போது கொடுப்பதை நாம் ஸதகா என்று நினைத்துக் கொடுக்கிறோம். முப்பது இரவு விழித்தவரின் கூலிக்கு ஸதகா என்று பெயர் சூட்டினால், வாங்குபவரின் கை தாழ்ந்துவிடுகிறது, கொடுப்பவரின் கை உயர்ந்துவிடுகிறது. கொடுத்தது அதே ஐம்பது ரூபாய்தான். பெயர் மாறியதில் மனிதரின் நிலை மாறிவிட்டது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி அண்ணலார் போதித்தது, காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்கு மட்டுமா? வியர்வை காயும்வரை காத்திருந்தவன் வேலைக்காரனாக இராமல் யாசகனாகி விடுகிறான் என்பதும் அதில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

இனி, பாடகன் பக்கத்துக் கேள்வி ஒன்று இருக்கிறது. எவரையும் சாராதவன் என்று அவன் தன்னைச் சொல்லிக்கொள்கிறானே, அது எவ்வளவு உண்மை? ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து ஸ்பெயினுக்குச் சென்ற இசைமேதை ஸிர்யாபுக்கு, குர்துபாவின் அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் மாதந்தோறும் 200 தீனார் வழங்கினார் என்று வரலாற்றில் காண்கிறோம். அடுத்த நூற்றாண்டில், இசையிலக்கணத்துக்குப் பேரேடு எழுதிய தத்துவஞானி பாராபி, அலெப்போவின் ஸைபுத் தவ்லா வழங்க முன்வந்ததில் நாளொன்றுக்கு 4 திர்ஹம் மட்டும் போதுமென்று வாழ்ந்ததாக இப்னு கல்லிகான் எழுதுகிறார். முன்னவர் பெற்றது பொன், பின்னவர் கொண்டது வெள்ளி. இருவருமே ஓர் அரசரைச் சார்ந்தவர்கள்தாம். ஆயினும் எந்த நாளிலும் எழுந்து போய்விடக் கூடியவராக இருந்தவர் எவர் என்று சொல்லத் தேவையில்லை. நம் தமிழில் உமறுப் புலவருக்கு வள்ளல் சீதக்காதியும், அவருக்குப்பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் வாய்த்தார்கள்; சீறாப்புராணம் கிடைத்தது. அத்தகைய வள்ளல்கள் இல்லாத நாளில் பாடகன் ஆயிரம் சிறு வள்ளல்களைச் சார்ந்திருக்கிறான். எவரிடத்தும் தேவையற்றவன் என்று பொருள்படும் அல்கனீ என்னும் திருநாமம் இறைவனுக்கே உரியது. மனிதருள் எவரையும் சாராதவன் என்று ஒருவனும் இல்லை. யாரைச் சார்ந்திருப்பது, எதுவரை சார்ந்திருப்பது என்று தீர்மானிக்கும் அளவே அவனுக்குக் கிட்டக்கூடிய சுதந்திரம்.

அந்த அளவைக் காத்துக்கொள்வது எளிதன்று. ஊர்ப் பெரியவர் ஒருவர், நபிபுகழ்ப் பாட்டின் நடுவே தம் பெயரையும் தம் தந்தையார் பெயரையும் சேர்த்துப் பாடும்படி துண்டுச்சீட்டு அனுப்புவார்; அதனுள் ஐந்நூறு ரூபாய் மடிக்கப்பட்டிருக்கும். மேடையின் கீழிருக்கும் இளைஞர்கள் திரைப்பட மெட்டு கேட்பார்கள். கைத்தட்டலின் போதை உள்ளே புகுந்துவிட்டால், நாயகத்தின் பெயரைச் சொல்லும்போது கண்ணில் நீர் வரவழைத்துக்கொள்ளவும் நாவும் முகமும் பழகிவிடும். மறைவான ரியாவுக்கு இதைவிடத் தோதான இடம் உண்டா? இவற்றை மறுக்க வேண்டியவன் பாடகன்தான்; அவன் மறுத்தாக வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் அடுத்த வாரத்து அரிசி அந்தத் துண்டுச்சீட்டுக்குள் மடிந்திருக்கும்போது மறுப்பவன் எத்தனை பேர்? பேசிய கூலி ஒழுங்காக வரும் ஊரில் அந்தச் சீட்டை மேடையிலேயே கசக்கிப் போட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம். பாடகனின் கண்ணியத்தில் ஒரு பங்கு பொருளாளரின் கையில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இப்போது புதிய வள்ளல் ஒருவர் வந்திருக்கிறார்; அவருக்கு முகமில்லை. பாடகன் தன் வீட்டு அறையிலேயே, ஜன்னலில் பாய் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாட்டைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிடலாம். இடைத்தரகர் இல்லை, கம்பெனிக்காரரின் தயவு வேண்டியதில்லை என்று முதலில் நாமும் மகிழ்ந்தோம். ஸ்பாடிஃபை நிறுவனம் 2024ஆம் ஆண்டு முதல் ஒரு விதி வகுத்தது: முந்தைய 12 மாதங்களில் 1000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு அதன் வருவாயில் பங்கில்லை. ஓர் ஊர் ஜமாஅத் முழுவதும் ஆளுக்கொரு முறை கேட்ட பாட்டு அந்தக் கணக்கில் கேட்கப்படாத பாட்டுக்குச் சமம். ஆயிரம் என்னும் எண்ணை எட்டுவதற்காக அவன் நாள்தோறும் படம் எடுத்துப் போடுகிறான், பின்னணி சொல்கிறான், பகிருங்கள் பகிருங்கள் என்று கெஞ்சுகிறான். ஃபஜ்ருக்குப்பின் நடந்த அகார சாதகம் அரை மணியாகி, பிறகு கால் மணியாகிறது. பழைய பொருளாளரிடமாவது முகத்தைப் பார்த்துக் கேட்கலாம்.

சட்டம் முன்னிலும் பாடகனுக்குத் துணையாக இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2012ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமைத்தொகையை உறுதி செய்து, பாடுவோரின் உரிமையையும் வலுப்படுத்தியது. 2013இல் பாடகர்களுக்கென ஓர் உரிமைச் சங்கமும் தோன்றிற்று. ஒலிப்பதிவு ஒன்றுக்கு வெளிவந்த ஆண்டையடுத்து 60 ஆண்டுக்காலம் பதிப்புரிமை உண்டு. ஆனால் சட்டம் பேசுவது தாளில் உள்ள எழுத்தோடு. நம் பாடகர் பலர் ஒலிநாடாக் காலத்தில் ஒரு தாளிலும் கையெழுத்திடாமல், ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, பத்துப் பாட்டும் பாடிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். “நம்மவர்தானே, எழுத்து எதற்கு?” என்ற நல்லெண்ணம் இரு தரப்பிலும் இருந்தது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி திருமறையின் மிக நீண்ட வசனமே நமக்குக் கட்டளையிட்டிருக்க, நம்மவருக்குள் எழுத்து எதற்கு என்ற வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அப்பாடல்கள் இன்று யார் யாருடைய பக்கங்களிலோ ஒலிக்கின்றன, விளம்பரமும் ஓடுகிறது, பாடியவரின் பிள்ளைகள் அவற்றை மற்றவர்களைப் போலவே இலவசமாகக் கேட்கிறார்கள்.

இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், ஒரு நாகரிகம் முதிரும்போது கடைசியாகத் தோன்றும் தொழில் பாட்டு என்றும், அந்நாகரிகம் தேயத் தொடங்கும்போது முதலில் மறைவதும் அதுவே என்றும் கருதுகிறார். பாட்டை அவர் உயர்த்திச் சொன்னதாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை. தேவைகளெல்லாம் நிறைந்த பின்னரே மக்கள் அதனை நாடுவர் என்பதுதான் அவர் கூற்று. நம் நிலையோ வேறு. திருமண மண்டபத்தின் வாடகை உயர்ந்திருக்கிறது, பந்தியில் வைக்கும் இனிப்பின் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது, நிழற்படக்காரருக்குப் பாடகனைப்போல் பன்மடங்கு கொடுக்கிறோம். தேவைகள் நிறைந்துதான் இருக்கின்றன. பாட்டு மறைந்தால் அதற்கு வறுமையைக் காரணம் காட்ட நம்மால் இயலாது.

ஆகவே, “அது சோறு போடுமா?” என்று கேட்கும் அத்தாவுக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லமுடியும்? சாதகம் செய்வதாகச் சொல்லலாம். தமிழையும் அரபுச் சொற்களின் உச்சரிப்பையும் திருத்தமாகக் கற்பதாகச் சொல்லலாம். பிறர் புகழுக்காக நாயகத்தின் புகழை விற்கமாட்டேன் என்று வாக்களிக்கலாம். முதல் பத்தாண்டுக்குக் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு வேலையையும் வைத்துக்கொள் என்று அத்தா சொன்னால், அதுவும் நல்ல அறிவுரையே. உம்மு குல்தூமின் தந்தை இமாமாக இருந்துகொண்டுதான் பாடினார். இதற்கு மேல் அந்தப் பிள்ளையின் கையில் ஒன்றும் இல்லை. மீதிப் பதிலை, அந்த அத்தாவே உறுப்பினராக இருக்கும் விழாக்குழுதான் சொல்ல வேண்டும்.

விழாக்குழுக்களின் கணக்கு நோட்டுகள் சிலவற்றை நாம் புரட்டிப் பார்த்ததுண்டு. பந்தல் என்று ஒரு வரி, ஒலி ஒளி என்று ஒரு வரி, நேர்ச்சைச் சோற்றுக்கு அரிசி, ஆடு, பண்டாரி கூலி என்று தனித்தனி வரிகள், சுவரொட்டி, பொன்னாடை, மாலை என எல்லாம் வரிசையாக இருக்கும். சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் அச்சான பாடகரின் பெயர் நோட்டில் மட்டும் காணக் கிடைக்காது. அவருக்குக் கொடுத்த தொகை, தேநீருக்கும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கும் பின்னால், ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். பெட்ரோமாக்ஸ் போய் ஜெனரேட்டர் வந்துவிட்டது. தலைப்பு மாறவில்லை.